எபோலாவும் எல்லைக்கோடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிழக்கு காங்கோவில் 2018 ஆகஸ்ட் 1 அன்று அறிவிக்கப்பட்ட எபோலா பரவல் 2020 ஜூன் 25 அன்றுதான் முடிந்தது. 3,470 பேருக்கு நோய் கண்டது, 2,287 பேர் இறந்தார்கள். பரவிய வடக்கு கிவு, இட்டூரி மாகாணங்கள் உகாண்டாவை ஒட்டியவை. வடக்கு கிவு ருவாண்டாவையும் தொடுகிறது. சந்தைக்கும் சாவுக்கும் கல்யாணத்துக்கும் ஆயிரக்கணக்கானோர் தினமும் எல்லை கடக்கிற இடம். அப்படியிருந்தும் உகாண்டாவில் நான்கே நோயாளிகள். அவர்களிடமிருந்து அந்த நாட்டுக்குள் ஒருவருக்கும் தொற்றவில்லை. ருவாண்டாவில் ஒருவருக்குக்கூட வரவில்லை. இது எப்படி நடந்தது என்று திரும்பத் திரும்பக் கேட்கப்படும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம்.

எபோலா காத்துல பரவுமா? பக்கத்துல நின்னாலே ஒட்டிக்குமா?

காற்றில் பரவாது. நோயாளியின் ரத்தம், வாந்தி, வயிற்றுப்போக்கு, வியர்வை போன்ற உடல் திரவங்களும், அவை பட்ட துணியும் படுக்கையும் ஊசியும், நம் தோலில் உள்ள சிறு காயம் வழியாகவோ கண், மூக்கு, வாய் வழியாகவோ உள்ளே போனால்தான் தொற்றும். ஆகவே முதலில் மாட்டிக்கொள்கிறவர்கள் இரண்டே வகை: வீட்டில் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்கிறவர்கள், கையுறை இல்லாமல் வேலை செய்யும் சிற்றூர் மருத்துவமனை ஊழியர்கள்.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அறிகுறி தொடங்கும்வரை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. நோய் முற்ற முற்ற உடம்பில் வைரஸ் பெருகும். இறந்த உடல்தான் எல்லாவற்றையும்விட ஆபத்தானது. கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரு பத்தியிலிருந்துதான் பிறக்கிறது.

21 நாள்ங்கிறாங்க, 42 நாள்ங்கிறாங்க. எது சரி?

இரண்டும் சரி, வேலைதான் வேறு. கிருமி உள்ளே போனதிலிருந்து அறிகுறி தெரிய 2 முதல் 21 நாள் ஆகும். அதனால் நோயாளியைத் தொட்டுப் பழகிய ஒவ்வொருவரையும், கடைசியாகப் பழகிய நாளிலிருந்து 21 நாள் தினமும் நேரில் பார்க்கிறார்கள். இந்த 21 நாள் ஆளுக்கு ஆள் வேறு தேதியில் தொடங்கும். பட்டியலில் எல்லோருக்கும் ஒரே தேதியைப் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

42 என்பது இரண்டு 21. கடைசி நோயாளிக்கு இரண்டாவது முறையும் 'கிருமி இல்லை' என்று முடிவு வந்த நாளிலிருந்து, அல்லது அவர் இறந்திருந்தால் பாதுகாப்பாக அடக்கம் செய்த நாளிலிருந்து, 42 நாள் புது நோயாளி இல்லாமல் கடந்தால் பரவல் முடிந்ததாக அறிவிப்பார்கள்.

எல்லையை இழுத்து மூடிட்டா வேலை முடிஞ்சுதே? ஏன் மூடக் கூடாதுங்கிறாங்க?

மூடிப் பார்த்தார்கள். 2014-ல் லைபீரியா, கினியா, சியரா லியோன் மூன்றும் எல்லைகளை மூடின. கிருமி அதற்கு முன்பே மூன்று நாட்டிலும் இருந்தது. அந்த மூன்று எல்லைகளும் சந்திக்கிற இடத்தில் கிஸ்ஸி மக்கள் வாழ்கிறார்கள். அண்ணன் வீடு கினியாவில், தங்கை வீடு சியரா லியோனில் என்பது அங்கே சாதாரணம். அந்தப் பரவல் 28,600-க்கும் மேற்பட்டோரைத் தொற்றி 11,300-க்கும் மேற்பட்டோரைக் கொன்ற பிறகே ஓய்ந்தது.

காங்கோ–உகாண்டா எல்லையும் இப்படித்தான். கசிண்டி (காங்கோ), ம்பொண்ட்வே (உகாண்டா) என்ற இரட்டைச் சாவடிகளைச் சுற்றி ஆற்றைக் கடக்கும் ஒற்றையடிப் பாதைகள் ஏராளம். ஊர்க்காரர்கள் அவற்றை 'பான்யா' என்பார்கள். சுவாஹிலியில் பான்யா என்றால் எலி. சாவடியை மூடினால் கூட்டம் எலிப்பாதைக்குப் போகும். அங்கே வெப்பமானியும் இல்லை, கை கழுவ வாளியும் இல்லை, பெயர் எழுத ஆளும் இல்லை. காய்ச்சல் உள்ளவர் தானாக வந்து சொல்லும் வாய்ப்பும் போய்விடும். ருவாண்டா எல்லையை ஒட்டிய காங்கோ நகரான கோமாவில் மூன்றாவது நோயாளி தெரியவந்ததும் 2019 ஆகஸ்ட் 1 அன்று ருவாண்டா தன் பக்கத்து எல்லையை மூடியது, அன்றைக்கே திறந்தும்விட்டது.

அப்போ சாவடியில் காய்ச்சல் பார்க்கிறதாவது பயன் தருதா? எத்தனை பேரைப் பிடிச்சாங்க?

எண்ணிக்கையைக் கேட்டால் ஏமாற்றமாக இருக்கும். காங்கோவில் 10 கோடிக்கும் அதிகமான முறை பயணிகளைச் சோதித்தார்கள். அதில் எபோலா என்று உறுதியானவர்கள் சில பத்துப்பேர்தான். காரணம் புரியக்கூடியது. கிருமி புகுந்த பிறகு அறிகுறி தொடங்கும்வரை காய்ச்சலே இருக்காது. பாரசிட்டமால் போட்டுக்கொண்டு வருகிறவருக்கு அன்றைக்குக் காய்ச்சல் தெரியாது. மலேரியாக் காய்ச்சல்காரர்கள்தான் வரிசையில் அதிகம்.

ஆனால் 2019 ஆகஸ்ட் 28 அன்று ம்பொண்ட்வே சாவடியில் ஒன்பது வயதுக் காங்கோச் சிறுமியைச் சோதனையில் கண்டுபிடித்தது இதே முறைதான். அவளை அங்கேயே பிரித்து வைத்ததால் உகாண்டாவில் ஒருவருக்கும் தொற்றவில்லை. சிறுமி பிழைக்கவில்லை. எங்கள் கணிப்பில் சாவடிச் சோதனையின் பெரிய பயன் வேறு: தினமும் கடக்கிறவர்களிடம் 'உங்கள் ஊரில் யாராவது திடீரென்று இறந்தார்களா?' என்று கேட்க ஓர் ஆள் அங்கே உட்கார்ந்திருக்கிறார். வெப்பமானியைவிட அந்தக் கேள்விக்குக் கண் கூர்மை.

சாவடியில ஒருத்தருக்குக் காய்ச்சல் காட்டினா உடனே என்ன செய்வாங்க?

உடனே ஆம்புலன்ஸை அழைப்பதில்லை. அகச்சிவப்பு வெப்பமானி வெயிலில் நடந்து வந்தவரின் நெற்றியில் பொய் சொல்லும். நிழலில் கொஞ்ச நேரம் உட்காரவைத்து மறுபடி பார்ப்பார்கள். அப்போதும் 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ இருந்தால், குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி நின்று மூன்று கேள்வி: வாந்தி, பேதி, ரத்தக்கசிவு உண்டா? 21 நாளுக்குள் நோயாளியையோ சடலத்தையோ தொட்டீர்களா? எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள்? பதில் சந்தேகம் தந்தால் தனியறை, தனிக் கழிப்பறை, அங்கிருந்து பயிற்சி பெற்ற குழுவுடன் சிகிச்சை மையம். கூட வந்தவர்களின் பெயரை அவர்கள் கலைந்து போவதற்கு முன் எழுதுவது முக்கியம். பல இடங்களில் கோட்டை விடுவது இங்கேதான்.

குளோரின் கரைசலிலும் குழப்பம் வரும். கை கழுவ 0.05 சதவீதம், தரை, வாந்தி, சடலம், பாத்திரத்துக்கு 0.5 சதவீதம். 70 சதவீத வீரியமுள்ள குளோரின் தூள் என்றால் 20 லிட்டர் வாளிக்கு முதலாவதற்குச் சுமார் 14 கிராம், இரண்டாவதற்குச் சுமார் 143 கிராம். இரண்டு வாளியும் ஒரே நிறத்தில் இருந்தால் நிச்சயம் மாறிப்போகும். கைத்தோல் வெந்துபோன ஊழியர் அடுத்த நாள் கை கழுவவே மாட்டார். வெயிலில் வீரியம் குறையும், ஆகவே மூடி வைத்து தினமும் புதிதாகக் கரைக்க வேண்டும்.

நோய்த்தொடர்பு உள்ளவர் ஏற்கெனவே எல்லை தாண்டிட்டார்னு தெரிஞ்சா?

2019 ஜூனில் நடந்ததைச் சொன்னால் புரியும். உகாண்டாக்காரரை மணந்த ஒரு காங்கோப் பெண், நோயுற்ற தன் தந்தையைப் பார்க்கக் குடும்பத்தோடு காங்கோ போயிருந்தார். தந்தை எபோலாவில் இறந்தார். திரும்பும் வழியில் கசிண்டியில் இந்தக் குடும்பத்தில் பலருக்கு அறிகுறி தெரிந்து தனிமைப்படுத்தினார்கள். சிலர் அங்கிருந்து நழுவி, ஜூன் 9 அன்று உகாண்டாவுக்குள் போய்விட்டார்கள். காங்கோ அதிகாரிகள் உகாண்டா பக்கத்துக்குத் தகவல் சொன்னார்கள். ஐந்து வயதுச் சிறுவனை ககாண்டோ மருத்துவமனைக்குக் கொண்டுவந்தபோது அங்கிருந்தவர்களுக்குச் சந்தேகம் வந்தது. முன்னதாகவே கட்டி வைத்திருந்த ப்வேரா சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஜூன் 11 அன்று உகாண்டாவின் என்டெபி ஆய்வகம் எபோலா என்று உறுதிசெய்தது. சிறுவன், பாட்டி, மூன்று வயதுத் தம்பி மூவரும் இறந்தார்கள். இரு அரசுகளும் பேசிக்கொண்டு குடும்பத்தில் மிஞ்சியவர்களைக் காங்கோவுக்கே அனுப்பின. உறவினரும் புது மருந்துகளும் அங்கே இருந்தன. ஜூன் 15 முதல் உகாண்டாவின் கசேசே மாவட்டத்தில் தொடர்பாளர்களுக்கு, அதாவது நோயாளியோடு பழகியவர்களுக்கு, தடுப்பூசி தொடங்கியது.

சாவடி தவறியும் நோய் நின்றது. ஏனென்றால் ஊசியும் பயிற்சியும் படுக்கையும் முன்பே அங்கிருந்தன: ஒரு நோயாளிகூட வராத காலத்திலேயே உகாண்டா சுமார் 4,700 மருத்துவ ஊழியர்களுக்கு, 165 மருத்துவ நிலையங்களில், தடுப்பூசி போட்டு முடித்திருந்தது.

எல்லை தாண்டின தொடர்பாளர் பட்டியலைப் பக்கத்து நாட்டுக்கு அனுப்பும்போது என்னென்ன எழுதணும்?

பெயர் மட்டும் போதாது. ஒரே பெயர் ஒரே ஊரில் பத்துப் பேருக்கு இருக்கும். வயது, பால், அப்பா அல்லது குடும்பத் தலைவர் பெயர், போகிற ஊரில் யார் வீடு, கைபேசி எண் (இரு நாட்டு சிம்மும்), கடைசியாக நோயாளியைத் தொட்ட தேதி, எப்படித் தொட்டார், தடுப்பூசி போட்டாரா, எந்த நாளில். இவை இருந்தால் மறுபக்கத்துக் கிராமத் தன்னார்வலர் அன்று மாலையே வீட்டைக் கண்டுபிடிப்பார்.

சிக்கல் மொழியில் வரும். காங்கோப் படிவம் பிரெஞ்சில், உகாண்டாப் படிவம் ஆங்கிலத்தில். தேதியைச் சிலர் 6/7 என்றெழுதினால் ஜூனா ஜூலையா என்ற கேள்வி. ஆகவே மாதத்தை எழுத்தில் எழுதச் சொல்வார்கள். நல்லவேளையாக எல்லைக்கு இருபுறமும் நாந்தே, கொன்ஸோ என்று அழைக்கப்படும் மக்கள் நெருங்கிய உறவுடைய மொழியைப் பேசுகிறார்கள். தொலைபேசியில் பேசித் தீர்த்துக்கொள்ள அதுவே கைகொடுக்கும்.

மாவட்ட அதிகாரி நேரடியா பக்கத்து நாட்டுக்குப் போன் பண்ணலாமா? உலக சுகாதார நிறுவனம் வழியாத்தானே போகணும்?

இரண்டு வழியும் வேண்டும், ஒன்றுக்காக இன்னொன்று காத்திருக்கக் கூடாது. நோய்ச் செய்தியை நாடுகள் பகிர்வதற்கான சட்டமான சர்வதேச சுகாதார ஒழுங்குமுறைகள் 2007 ஜூன் 15 முதல் நடப்பில் உள்ளன. 196 நாடுகள் கட்டுப்பட்டவை. ஒவ்வொரு நாட்டிலும் இரவு பகல் எந்நேரமும் கிடைக்கிற ஒரு தொடர்பு மையம் இருக்க வேண்டும். அவசரமான ஒரு சம்பவத்தை 48 மணி நேரத்துக்குள் மதிப்பிட்டு, தெரிவிக்கத்தக்கது என்று முடிவானதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் அந்த மையம் உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மதிப்பிட நான்கு கேள்வி: பொதுச் சுகாதாரப் பாதிப்பு கடுமையா? வழக்கத்துக்கு மாறானதா? நாடு தாண்டுமா? பயண, வணிகத் தடை வரக்கூடுமா? இரண்டுக்கு 'ஆம்' என்றால் சொல்லியே ஆக வேண்டும்.

ஆனால் இந்த வழி தலைநகர் போய், உலக சுகாதார நிறுவனம் இருக்கும் ஜெனீவா போய், மறு தலைநகர் போய், கடைசியில் மறுகரை மாவட்டத்துக்கு வரும். முந்தைய கேள்வியில் சொன்ன பட்டியல் அதற்குள் பழசாகிவிடும். அதனால்தான் எல்லை மாவட்டங்கள் முன்கூட்டியே எண்களைப் பரிமாறி, யார் யாரைக் கூப்பிடலாம் என்று எழுத்தில் அனுமதி வாங்கி வைக்க வேண்டும். பரவல் தொடங்கிய பிறகு அனுமதி கேட்டால் கோப்பு மேசை மேசையாக நகரும்.

ஒரு வருஷமா பரவின பிறகுதானே உலக அவசரநிலை அறிவிச்சாங்க? தூங்கினாங்களா?

தூங்கவில்லை, உலக சுகாதார நிறுவனத்தின் அவசரக் குழு மூன்று முறை கூடி 'இன்னும் இல்லை' என்றது: 2018 அக்டோபர், 2019 ஏப்ரல், 2019 ஜூன். ஜூன் கூட்டம் உகாண்டாவில் நோய் உறுதியான பிறகே நடந்தது. ஜூலை 14 அன்று கோமா நகரில் நோய் உறுதியானதும், ஜூலை 17 அன்று நான்காவது கூட்டத்தில் அறிவித்தார்கள். தாமதித்தார்கள் என்பது எங்கள் கருத்தும்தான். அவர்கள் பயந்ததிலும் நியாயம் உண்டு: அறிவித்தவுடன் விமானங்களை நிறுத்துவார்கள், எல்லை மூடுவார்கள், அதனால் பணியாளரும் மருந்தும் போய்ச்சேராது என்று.

அவசரநிலை உண்டு, இல்லை என்ற இரண்டே நிலைதான் அப்போது. 2024 ஜூன் 1 அன்று ஒழுங்குமுறைகளில் செய்த திருத்தம் 'பெருந்தொற்று அவசரநிலை' என்ற மேல்படி ஒன்றைச் சேர்த்தது. ஏற்ற நாடுகளுக்கு 2025 செப்டம்பர் 19 முதல் அது நடப்புக்கு வந்தது. எச்சரிக்கைக்கான கீழ்ப்படியை யாரும் சேர்க்கவில்லை.

ஒரு நாடு மறைச்சா, இல்ல தேவையில்லாம எல்லையை மூடினா, அபராதம் உண்டா?

கிடையாது. ஒழுங்குமுறைகளில் தண்டனைப் பிரிவே இல்லை. 24 மணி நேரத்துக்கு மேல் பயணியையோ சரக்கையோ தடுக்கிற கூடுதல் நடவடிக்கையை எடுத்தால், 48 மணி நேரத்துக்குள் உலக சுகாதார நிறுவனத்துக்குக் காரணம் காட்ட வேண்டும். மறுபரிசீலனை செய்யச் சொல்லிக் கேட்கலாம், அவ்வளவுதான். மறைப்பதற்கு எதிராக உறுதியான கருவி ஒன்றுதான்: ஊடகம், தொண்டு நிறுவனம் போன்ற வேறு வழியில் வந்த செய்தியை உலக சுகாதார நிறுவனம் எடுத்துக்கொண்டு 'உண்மையா?' என்று கேட்கலாம். நாடு 24 மணி நேரத்துக்குள் முதல் பதிலாவது சொல்ல வேண்டும். முதலில் சொன்ன நாட்டுக்குத் தடையும் நஷ்டமும் என்ற நிலை தொடரும்வரை மறைப்பும் தொடரும்.

ரத்த மாதிரியைப் பக்கத்து நாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பலாமா? எப்படிப் பொதிவாங்க?

அனுப்பலாம், மூன்று அடுக்கில். கசியாத குழாய், அதைச் சுற்றி, குழாய் உடைந்தால் முழுத் திரவத்தையும் உறிஞ்சும் பஞ்சு, அதைக் கொள்ளும் கசியாத இரண்டாவது கலம், வெளியே கடினமான பெட்டி. பெட்டிமேல் 'ஐ.நா. 2814' என்ற எண்ணும் தொற்றுப்பொருள் முத்திரையும் அனுப்புகிறவர், பெறுகிறவர் எண்ணும் வேண்டும். மாதிரி விவரத்தாளை இரண்டாவது கலத்துக்கு வெளியே வைக்க வேண்டும்; உள்ளே வைத்தால் அதைப் படிக்கக் கலத்தைத் திறக்க வேண்டியிருக்கும். இறக்குமதி அனுமதி, பெறும் ஆய்வகத்தின் சம்மதம் இரண்டும் கிளம்பும் முன் கையில் இருந்தால்தான் பெட்டி விமான நிலையத்தில் உருகாமல் தப்பும்.

நடைமுறையில் மாதிரியைக் கொண்டுபோவதைவிடக் கருவியைக் கொண்டுவருவதே மேல். காங்கோ தலைநகர் கின்ஷாசாவின் தேசிய உயிர்மருத்துவ ஆய்வகம் பெனி, கோமா போன்ற ஊர்களிலேயே கள ஆய்வகம் வைத்தது. தோட்டா போன்ற உறையில் மாதிரியை இட்டால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் முடிவு தரும் ஜீன்எக்ஸ்பர்ட் கருவிதான் துணை. ஒரு எச்சரிக்கை: அறிகுறி தொடங்கி 72 மணி நேரம் ஆகாத மாதிரி 'இல்லை' என்று வந்தால் அதை நம்பி வீட்டுக்கு அனுப்பக் கூடாது, 72 மணி நேரம் கடந்தபின் மறுபடி எடுக்க வேண்டும்.

தடுப்பூசியை எல்லாருக்கும் போட்டுடலாமே? ஏன் வளையம் வளையமா?

போதுமான டோஸும் குளிரும் இல்லை. எர்வெபோ என்ற எபோலா தடுப்பூசி பூஜ்யத்துக்குக் கீழே 60 முதல் 80 டிகிரியில் இருக்க வேண்டும். உறைநிலை விட்டபின் 2 முதல் 8 டிகிரியில் 14 நாள் தாங்கும், மறுபடி உறையவைக்கக் கூடாது. சாதாரணத் தடுப்பூசிப் பெட்டி உதவாது. அதனால் நோயாளியின் தொடர்பாளர்கள், அந்தத் தொடர்பாளர்களின் தொடர்பாளர்கள் என்று வளையமாகப் போடுகிறார்கள். காங்கோவில் இப்படி 3 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் போட்டார்கள்.

வளையம் எல்லையில் பாதியில் அறுந்தால் பயனில்லை. ஆகவே இந்தப் பக்கம் போட்டவர் பட்டியல் அந்தப் பக்கம் போக வேண்டும். மேலே சொன்ன விவரங்களில் ஊசி போட்ட தேதியைச் சேர்த்தது இதனால்தான். பாதுகாப்பு உருவாகப் பத்து நாளாவது ஆகும், எனவே ஊசி போட்டவரையும் 21 நாள் பார்க்க வேண்டும். 2021 ஜனவரியில் உலக அளவில் அவசரக் கையிருப்பு தொடங்கினார்கள். சுவிட்சர்லாந்தில் வைத்திருக்கும் அதிலிருந்து, முடிவெடுத்த 48 மணி நேரத்தில் கிளம்பி, ஏழு நாளில் நாட்டை அடைவது இலக்கு.

அப்புறம் 2022-ல உகாண்டாவுக்கு அதே ஊசியை ஏன் அனுப்பலை?

எபோலா வைரஸில் பல வகை உண்டு. காங்கோவில் வந்தது ஸயீர் வகை. உகாண்டாவில் 2022 செப்டம்பர் 20 அன்று அறிவித்தது சூடான் வகை. எர்வெபோ அந்த வகையைத் தடுக்காது, அதற்கு உரிமம் பெற்ற ஊசியே இல்லை. தொடர்பாளரைத் தேடுதல், தனிமைப்படுத்துதல், பாதுகாப்பான அடக்கம் இவற்றால் மட்டும் 2023 ஜனவரி 11 அன்று முடித்தார்கள். உறுதியான நோயாளிகள் 142, அதில் இறந்தவர்கள் 55. எனவே எல்லையில் சந்தேகம் வந்தவுடன் கேட்க வேண்டியது 'எபோலாவா?' மட்டுமில்லை, 'எந்த வகை?' என்பதும்.

சடலத்தைச் சொந்த ஊருக்கு, எல்லை தாண்டிக் கொண்டுபோக விடுவாங்களா?

விடக் கூடாது. முதல் கேள்வியில் சொன்னபடி சடலமே அதிக ஆபத்து. 2014 மே மாதம் சியரா லியோனில் முதலில் உறுதியான நோயாளிகளின் வேர், ஒரு நாட்டு வைத்தியரின் இறுதிச் சடங்கில் இருந்தது. கினியாவிலிருந்து எல்லை தாண்டி வந்த நோயாளிகளை அவர் பார்த்திருந்தார். இறந்த இடத்திலேயே, கசியாத பையில் இட்டு, வெளிப்புறம் 0.5 சதவீதக் கரைசல் தெளித்து அடக்கம். குளிப்பாட்டக் கூடாது என்றாலும் பிரார்த்தனைக்கும் குழி காட்டவும் குடும்பத்துக்கு இடம் கொடுக்க வேண்டும். அதை மறுத்த இடங்களில் இரவோடு இரவாக உடலைத் தோண்டி எடுத்தார்கள். எல்லை கடந்த உறவினர் வரும்வரை சில மணி நேரம் காத்திருப்பது, பிறகு இரண்டு கிராமங்களில் தொடர்பாளர் தேடுவதைவிட எளிது.

குணமானவர் ஊர் விட்டு ஊர் போகலாமா? நம்ம நாட்டுக்கு வர வாய்ப்பிருக்கா?

போகலாம். ரத்தத்தில் கிருமி இல்லை என்று குறைந்தது 48 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை வந்தவர் கைகுலுக்கினாலோ கூட உட்கார்ந்து சாப்பிட்டாலோ தொற்றாது. ஆனால் விந்து போன்ற சில இடங்களில் வைரஸ் ஒரு வருடத்துக்கு மேலும் ஒளிந்திருக்கலாம். 2021-ல் கினியாவில் கண்ட 23 பேர் கொண்ட பரவல், 2014–16 பரவலில் பிழைத்த ஒருவரின் உடலில் தங்கிய கிருமியிலிருந்து தொடங்கியதாக மரபணு ஆய்வு காட்டியது. அதனால் ஆண்களுக்கு விந்துப் பரிசோதனையும் ஆணுறையும் மாதக்கணக்கில் தேவை.

இந்தியாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 2014 நவம்பரில் லைபீரியாவில் குணமாகி டெல்லி வந்த ஓர் இந்தியரின் ரத்தத்தில் கிருமி இல்லை, விந்தில் இருந்தது. அவரை விமான நிலையப் பிரிவிலேயே தனிமையில் வைத்தார்கள். இந்தியாவில் அவரிடமிருந்து யாருக்கும் தொற்றவில்லை.

மாதிரி கொடுத்த நாட்டுக்கு ஊசி கிடைக்கும்னு உறுதி இருக்கா?

இது இன்னும் முடியாத சண்டை. காங்கோவின் மாதிரியிலிருந்து கிடைத்த அறிவில் மருந்து உருவாகலாம், விலை கட்ட முடியாமல் காங்கோ வரிசையில் கடைசியில் நிற்கலாம். ஆன்சுவிமாப் என்ற எபோலா மருந்து, காங்கோவின் கிக்விட் நகரில் 1995-ல் பிழைத்த ஒருவரின் ரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்புப் புரதத்தைக் கொண்டு வந்ததுதான். 2025 மே 20 அன்று உலக சுகாதார நிறுவன நாடுகள் ஏற்ற பெருந்தொற்று உடன்படிக்கை, பெருந்தொற்று அவசரநிலையில் உற்பத்தியாளர்கள் ஊசி, மருந்து, பரிசோதனைக் கருவியில் 20 சதவீதத்தை உலக சுகாதார நிறுவனத்துக்கு அளிக்க வேண்டும், அதில் குறைந்தது பாதி நன்கொடையாக, என்ற இலக்கை வைக்கிறது. எந்த நிபந்தனையில் கிருமியைக் கொடுப்பது என்ற இணைப்பை அப்போது எழுதவில்லை. அதைத் தனியாகப் பேசித் தீர்க்கத் தள்ளிவைத்தார்கள். எபோலா போன்ற நோய் பெருந்தொற்று நிலைக்குப் போகாமலே ஆயிரக்கணக்கானோரைக் கொல்லும் என்பதால், இந்த 20 சதவீதம் கிழக்கு காங்கோவுக்கு எந்த அளவு உதவும் என்பது அந்த இணைப்பில் எழுதப்படும் வார்த்தைகளைப் பொறுத்தது.